சத்தம் குறைவான பிரிண்டர்

பிரிண்டர் வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் விலையைக் கேட்பார்கள். அப்புறம் மை எத்தனை நாள் வரும் என்பார்கள், பழுதானால் ஆள் வருவாரா என்பார்கள். என் அண்ணி கேட்டது வேறு.

"இதுல எது சத்தம் போடாது?"

கடைக்காரர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு வாரமாக அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையைத் தியாகம் செய்து பிரிண்டர்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தேன். அதில் எங்கேயும் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த பட்டம். ஆனால் அன்றிலிருந்து தண்ணீர் மோட்டார் முதல் மூக்குக்கண்ணாடி வரைக்கும் வீட்டில் எதை வாங்குவதானாலும் "படிச்சவன் நீ சொல்லு" என்று என் தலையில்தான் விழும். நான் படித்தது வணிகவியல். அது யாருக்கும் ஒரு பொருட்டாகப் பட்டதில்லை. பொத்தான் உள்ள பொருள் எல்லாம் பட்டப்படிப்புக்குள் அடக்கம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

அண்ணி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். படுக்கை விரிப்புகள், டாக்டர்களின் கோட்டுகள், ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். துவைப்பது என்னவோ மெஷின்தான். ஆனால் உள்ளே திணிப்பதும் ஈரத்தோடு வெளியே இழுப்பதும் கைகள். உலர்ந்த விரிப்பை எதிரெதிரே இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். முனையைப் பிடித்துக்கொண்டு எதிராளியை நோக்கி நடக்க வேண்டும், கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். "ஒரே ரூமுக்குள்ளயே பக்கத்து ஊர் வரைக்கும் நடந்திருப்பேன்" என்று வீட்டுக்கு வந்து கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார்.

அந்தக் கூடத்தின் மூலையில் கண்ணாடி அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. எத்தனை விரிப்பு வந்தது, எத்தனை போனது, எது கிழிந்தது என்று பதிகிறவர் அங்கே இருப்பார். அவருக்கு ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. அவர் ஓய்வு பெறப் போகிறார் என்றும், அந்த இடத்துக்குப் பட்டம் முடித்திருக்க வேண்டும் என்றும் மேற்பார்வையாளர் ஒரு நாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவர் மறந்துவிட்டிருப்பார். அண்ணி மறக்கவில்லை. எனக்குப் பட்டம் மரியாதைக்கு. அண்ணிக்கு அது உட்காருவதற்கு.

ஏற்கெனவே அஞ்சல் வழியில் சேர்ந்து, எல்லாப் பாடமும் தேறி, புள்ளியியல் ஒன்றுதான் பாக்கி நின்றது. போன வருடம் சொற்ப மதிப்பெண்ணில் கோட்டைவிட்டார். இந்த முறையும் போனால் பதிவு காலாவதி. முதல் வருடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "மறுபடியெல்லாம் என்னால ஆகாது தம்பி" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

போன வருடம் ஏன் தேறவில்லை என்பதற்குக் காரணம் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்.

அண்ணனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியது அது. அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறார். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, அழுத்தம் மட்டும் நேரம் தவறாமல் ஏறும். மெஷின் வந்த செய்தி மாடிப்படி வழியாகக் கட்டிடம் முழுக்கப் பரவியது. அண்ணி வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி என்பதும் எல்லாருக்கும் தெரியும். அங்கே அவர் போர்வைதான் துவைக்கிறார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். அளவு பார்த்த பிறகு மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். அதன் பிறகு மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். அழுத்தத்துக்குக் காரணம் வேண்டும் அல்லவா. அண்ணி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்பார். மெஷின் உழைத்து உழைத்து ஒரு நாள் மூச்சை விட்டது. அதற்குப் பிறகும் மாத்திரை அட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

முதலில் வருகிறவரும் கடைசியில் போகிறவரும் எங்களுக்கு நேர் மேலே குடியிருக்கும் மேல்வீட்டு அக்கா. நல்ல மனுஷி. அண்ணன் ஒரு முறை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணன் வீடு திரும்பும் வரை எங்கள் மூன்று பேருக்கும் இந்த அக்காதான் சமைத்துப் போட்டார். அப்படிப்பட்டவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது? மற்றவர்களிடமே அண்ணிக்கு அந்தச் சொல் வராது. வாய் வரைக்கும் வரும், அங்கேயே கரைந்துபோகும்.

இந்த வருடம் கல்வி நிறுவனத்தார் புத்தகம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பாடமெல்லாம் போனுக்கு வந்தது. போனில் படித்தால் கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி இருக்கிறது என்றார் அண்ணி. போதாததற்கு நடுநடுவே மணி அடிக்கும். தாளில் இருந்தால் பஸ்ஸில் படிக்கலாம், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்துப் படிக்கலாம். தெருமுனை நகலகத்தில் எடுக்கலாம் என்றால் அண்ணி வேலை முடிந்து வருவதற்குள் நகலகக்காரர் பெரும்பாலும் கதவை இறக்கிவிடுவார். திறந்திருந்தாலும் ஒவ்வொரு தாளையும் தலைப்போடு சத்தமாக வாசித்துவிட்டு, "இந்த வயசுல இது எதுக்கும்மா?" என்று வரிசையில் நிற்கிறவர்கள் காதுபடக் கேட்பார். அண்ணி ஒரு தடவை போனார். அடுத்த தடவை போகவில்லை.

வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாம் என்று அப்படித்தான் முடிவாயிற்று. உடனே அடுத்த கவலையும் வந்தது. ரத்த அழுத்த மெஷினாவது சத்தமில்லாத ஜீவன். பிரிண்டர் வீட்டில் இருப்பது தெரிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடங்கள், வாடகை ரசீது, வேலைக்கு விண்ணப்பம், யாருடைய மச்சானுக்கோ பயணச்சீட்டு என்று கட்டிடமே கீழிறங்கி வந்துவிடும். எங்கள் கதவை ஒட்டித்தான் மாடிப்படி போகிறது. உள்ளே கரண்டி விழுந்தாலும் வெளியே கேட்கும்.

அதனால்தான் கடையில் அந்தக் கேள்வி.

நான் மனதுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது லேசர். தூள் மை, காய்ந்துபோகாது, எப்போதாவது எடுத்தாலும் மக்கர் பண்ணாது. வாங்கும்போது விலை சற்றுக் கூடுதல் என்றாலும் பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு. கடைக்காரர் அதை ஓட்டிக் காட்டினார். நிறுத்தத்தில் நிற்கும் பஸ் கிளம்பத் தயாராவது மாதிரி ஒரு உறுமல் உறுமிவிட்டு, தாளைப் படாரென்று துப்பியது. அண்ணி ஓரடி பின்னால் போனார்.

"வேண்டாம் தம்பி. மேல்வீட்டுக்காரங்க சாமான் செட்டோட இறங்கி வந்துருவாங்க."

அடுத்து எல்லாவற்றையும்விட மலிவாக ஒன்றைக் காட்டினார்கள். அது நான் படித்து வைத்திருந்த பொறி. பிரிண்டரைச் சும்மா கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு மைக் குப்பியில் கையைக் கடிப்பார்கள். கலர் மை தீர்ந்தால் கருப்பிலும் அடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அதை நான் விளக்கியபோது கடைக்காரர் மறுக்கவில்லை. கடைசியில் வந்தது கருப்பு மை மட்டும் உள்ள, பக்கவாட்டில் மைத்தொட்டி வைத்த ஒன்று. மையைப் பாட்டிலில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். அடிக்கடி உபயோகிக்காவிட்டால் மை காய்ந்துபோகும், ஆனால் அண்ணி தினமும் படிக்கிறவர். சத்தம் குறைவாக ஓட அதில் தனியாக ஒரு வசதியும் இருந்தது. அப்படி ஓட்டினால் ரொம்ப மெதுவாக வரும் என்றார் கடைக்காரர்.

"மெதுவா வரட்டும். எனக்கும் மெதுவாத்தான் ஏறுது" என்ற அண்ணி, அதை ஓட்டச் சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே நின்று தலையைச் சாய்த்து, நோயாளியின் மார்பில் குழாய் வைத்துக் கேட்கும் டாக்டர் மாதிரி கவனமாகக் கேட்டார். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "பிரிண்டர் வீட்டுக்குத்தானே சார்? நோட்டு கீட்டு அடிக்கிற உத்தேசம் எதுவும் இல்லையே?" என்றார். படிப்பதற்குத்தான் என்று சொன்னேன். அது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை.

தொட்டியில் மை ஊற்றினால் சாய்க்கக் கூடாது என்பதால், ஊற்றாமலேயே பெட்டியில் வாங்கிக்கொண்டோம். அண்ணன் வேனோடு வாசலில் நின்றிருந்தார். வீட்டுத் தெரு வந்ததும் அண்ணி பெட்டியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூட்டையாகக் கட்டினார்.

"படியில யாராவது கேட்டா என்னன்னு சொல்ல?" என்றார் அண்ணன்.

"அழுக்குத் துணின்னு சொல்லுங்க. அதைத்தான் யாரும் இரவல் கேட்க மாட்டாங்க."

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். உள்ளறையில் துணி பீரோ. அதன் நடுத்தட்டில் அண்ணி மடித்து அடுக்கிய போர்வைகள் இருக்கும். அந்த மடிப்பில் ஒரு விரல் அளவுகூட ஏற்ற இறக்கம் இருக்காது, தொழில் அப்படி. அந்தப் போர்வைகளின் மேல் பிரிண்டரை வைத்தோம். கீழே மெத்தென்று இருந்தால் அதிர்வு வெளியே போகாது என்பது என் யோசனை. சுற்றிலும் சேலைகளைத் தொங்கவிட்டால் சத்தத்தைக் குடித்துவிடும் என்பது அண்ணியின் யோசனை. மின்கம்பிக்குக் கதவில் சின்ன இடுக்குவிட்டு, ஒரு பக்கம் ஓடவிட்டுக் கதவைச் சாத்தினோம். அண்ணன் வெளியே போய்ப் படியில் நின்று கேட்டுவிட்டு வந்தார். பீரோவுக்குள் எலி பல் தேய்ப்பது மாதிரி இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். எங்கள் மூன்று பேருக்கும் அப்படி ஒரு பெருமை.

அது நான்கைந்து பக்கங்களோடு முடிந்தது. முதலில் வரிகள் மலையேற ஆரம்பித்தன. அட்டவணைகளின் கோடுகள் தாளின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டன. பிறகு தாள் உள்ளேயே சுருண்டு சிக்கிக்கொண்டது. இழுத்தால் பாதிதான் வந்தது. நான் அமைப்புகளை மாற்றினேன், தாளை மாற்றினேன், அணைத்துப் போட்டேன். என் படிப்பு அதோடு தீர்ந்துவிட்டது. வேலையிலிருந்து வந்து சேலையைக்கூட மாற்றாமல் பீரோ முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணி. பரீட்சைக்குப் பெரிதாக நாள் இல்லை. ஆனால் அவர் பிரிண்டரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "நம்ம கைக்கு வந்தா எல்லாமே சீக்கிரம் களைச்சுப்போகுது போல" என்று எழுந்து போனார்.

மறுநாள் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். இப்போது தொட்டியில் மை இருந்தது. தளும்பத் தளும்ப நிரப்பிய தண்ணீர்க் குடத்தை மடியில் வைத்திருப்பவன் மாதிரி வேனில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். கடைக்காரர் அதைக் கண்ணாடி மேடை மேல் வைத்து ஓட்டினார். அச்சு நேராக, ஒரு மயிரிழை கோணாமல் வந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் நேர். "வீட்டுல எங்க வச்சிருக்கீங்க?" என்றார். மேஜை மேல் என்றேன். அவர் பின்பக்கம் தாள் வைக்கும் இடத்தைத் தூக்கி உதறினார். உள்ளேயிருந்து ஓர் அந்துருண்டை உருண்டு வந்து கண்ணாடியின் மேல் நின்றது.

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மேஜையோ தரையோ, கெட்டியா சமமா இருக்கிற இடத்துல வைங்க சார். மெத்துனு இருந்தா மெஷின் சாயும், தாளைக் கோணலாத்தான் இழுக்கும்" என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பையில் வைத்துக் கொடுத்தார்.

கெட்டியாகவும் சமமாகவும் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேஜை. அது முன்னறையில், படிச் சுவரை ஒட்டி இருக்கிறது. உள்ளறைக்கு அதைக் கொண்டு போனால் படுக்க இடம் இருக்காது. தரையில் வைக்கலாம் என்றால் நடப்பவர்கள் காலில் மைத்தொட்டி. வேறு வழியில்லாமல் பிரிண்டர் படிச் சுவருக்கே வந்தது. அதன் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம் வேண்டும் என்று அண்ணி யோசித்தார். எந்த வீட்டிலும் சாயங்காலம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத சத்தம் எது? மிக்ஸி.

வெறும் மிக்ஸியை ஓட்டினால் சூடாகிப் புகைந்துவிடும். அதனால் தண்ணீர் ஊற்றினோம். அண்ணி பிரிண்டர் பக்கத்தில் நிற்பார். தலையாட்டியதும் நான் மிக்ஸியைப் போடுவேன். பக்கம் மெதுவாகத்தான் வரும் என்பதால் நடுவில் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி போட வேண்டும். இப்படியாக, பட்டதாரியான நான், ஒவ்வொரு சாயங்காலமும் தண்ணீர் அரைத்தேன். அண்ணன் உள்ளே நுழையும்போதே, "என்னடா, இன்னைக்காவது மசிஞ்சுதா?" என்பார்.

தினமும் சில பக்கங்கள் வந்தன. பாத்திரத் தொட்டிக்கு மேலே சராசரி, அடுப்புக்குப் பக்கத்தில் நிகழ்தகவு, குளியலறைக் கதவின் உட்புறம் திட்டவிலக்கம். அண்ணியின் முகத்தில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. சாயங்காலம் கதவு தட்டப்படுவது மட்டும் நிற்கவில்லை. மாத்திரை அட்டைகள் வந்தன. தட்டும் சத்தம் கேட்டதும் பிரிண்டர் மேல் துண்டைப் போடுவோம். வந்தவர் போவதற்குள் அண்ணிக்குக் கண் செருகிவிடும். படிக்கத் தாள் இருந்தது; படிக்க நேரம்தான் இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் கழிந்துகொண்டிருந்தது.

பரீட்சைக்கு முந்தைய வாரம். அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் வரவில்லை என்று அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வந்திருந்தார் அண்ணி. கை தூக்க முடியவில்லை. தாளை வைப்பதற்குக்கூட என்னைத்தான் கூப்பிட்டார். நான் வைத்துவிட்டு மிக்ஸியைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் கதவு தட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை. கதவும் தாழ் போடாமல் இருந்திருக்கிறது. மேல்வீட்டு அக்கா கையில் ஒரு கிண்ணத்தோடு உள்ளே தலையை நீட்டினார்.

"ஏம்மா, தினம் தினம் அப்படி என்னதான் அரைக்கிறீங்க? எங்க மிக்ஸி உக்காந்துருச்சு. இந்தப் பருப்பை மட்டும் ஒரு சுத்து சுத்திக் குடு."

நான் பதறி மிக்ஸியை அணைத்தேன். அதுதான் தப்பு. அறை அமைதியானது. அந்த அமைதியில், பாதிப் பக்கத்தில் நின்றிருந்த பிரிண்டர் சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்து, டக்கென்று நின்று, மறுபடி இழுத்தது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மேல்வீட்டு அக்கா முதலில் மேஜையைப் பார்த்தார். அப்புறம் மிக்ஸியில் சுழன்று அடங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது. எப்போது வாங்கினீர்கள், சொல்லவே இல்லையே என்று கேட்டுவிட்டு, நல்லதாகப் போயிற்று, பெண்ணுக்குப் பள்ளியில் ஏதோ கட்டுரைத் தொகுப்பு நாளைக்குக் கொடுக்க வேண்டுமாம், கலரில் படமெல்லாம் வேறு இருக்கிறதாம், கடைக்கு எங்கே அலைவது என்று இருந்தேன் என்றார். கிண்ணத்தை மிக்ஸி பக்கத்தில் வைத்தார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் ஆள் நிற்க அவர் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"அக்கா, இந்தத் தடவை பாஸாகலேன்னா நான் முதல்லேருந்து படிக்கணும். என்னால முடியாது. பரீட்சை முடியற வரைக்கும் பிரிண்டரை யாருக்கும் தர மாட்டேன்."

குரல் உயரவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று என்று சொல்லும் குரல்தான். மேல்வீட்டு அக்காவுக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"சரி. மிக்ஸி?"

"மிக்ஸியும்தான். மாத்திரை பார்க்கிறதும்தான்."

"நான் என்ன உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் இப்படிக் கணக்குப் பாத்தேனா?"

"பாக்கலக்கா. அதனாலதான் இத்தனை நாளா சொல்ல வரல."

மேல்வீட்டு அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தாமல் போனார். செருப்புச் சத்தம் படியேறி, ஒரு கதவு திறந்து மூடுவது வரைக்கும் அண்ணி அசையவில்லை.

"அதிகமாப் பேசிட்டேனா தம்பி?"

"இல்லண்ணி."

"நீ அப்படித்தான் சொல்லுவே. நீ கொழுந்தன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஊற வச்ச பருப்பை இனிமே என்ன பண்ணுவாங்க?" என்றார்.

அன்று அவர் படிக்கவில்லை. வந்த பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மேல்வீட்டுத் தரையில் கேட்கும் நடமாட்டத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். பருப்பையாவது அரைத்துக் கொடுத்திருக்கலாமே என்றார் அவர்.

"அதை அரைச்சுக் குடுத்திருந்தா, பிரிண்டும் எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றார் அண்ணி. அண்ணன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கும் அண்ணியைத் தெரியும்.

மறுநாளே கட்டிடம் முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது. படியில் எங்களைப் பார்த்தால் பேச்சு நின்றது. முன்பெல்லாம் அண்ணி பையோடு ஏறி வந்தால் யாராவது வாங்கி இரண்டு படி சுமப்பார்கள். இப்போது ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். மேல்வீட்டு அக்கா எங்கள் கதவைத் தாண்டும்போது செருப்பை அழுத்தி வைத்து நடந்தார். அவர் திட்டிவிட்டு விலகிவிட்டார், அதற்குப் பெயர்தான் திட்டவிலக்கம் என்று அண்ணன் சொன்னதற்கு அண்ணி லேசாகச் சிரித்ததோடு சரி.

சாயங்காலம் யாரும் கதவைத் தட்டவில்லை. முதல் இரண்டு நாள் அந்த நேரம் வந்ததும் அண்ணி தலையைத் தூக்கிக் கதவைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடி தாளுக்குத் திரும்புவார். மிக்ஸிக்கு ஓய்வு கிடைத்தது. மெதுவாக ஓட்டும் வசதியையும் நிறுத்திவிட்டோம், யாரிடமிருந்து மறைக்க? அப்போதும் அது ஒன்றும் பறந்துவிடவில்லை. நேரம் இவ்வளவு இருந்திருக்கிறதா என்று அண்ணியே ஒரு நாள் கேட்டார். ஆனால் நேரம் வந்த இடத்தில் அலுப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லும் வார்த்தை பாதியில் நின்றால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். எழுப்ப மாட்டேன். தானாக விழித்து, விட்ட இடத்திலிருந்து சொல்வார். அப்படித் தூங்கித் தூங்கி அந்தப் பாடத்தை முடித்தார்.

பரீட்சைக்குப் போனார், எழுதினார், வந்து படுத்தார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "உக்காந்து எழுதினேன். மூணு மணி நேரம்" என்றார். முடிவு பிற்பாடு வந்தது. தேறிவிட்டார். மதிப்பெண்ணைச் சொன்னால் நானே கொஞ்சம் தயங்குவேன். ஆனால் எங்கள் குடும்பத்தின் இரண்டாவது பட்டதாரி அவர்தான், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கண்ணாடி அறைக்கு அவர் பெயரும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டு அக்கா. இந்த முறை உள்ளே தலையை நீட்டவில்லை. வாசலுக்கு வெளியேயே நின்றார். கையில் போன்.

"பரீட்சை முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"முடியற வரைக்கும்தானே தர மாட்டேன்னு சொன்னே?"

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பெண்ணுக்குப் பள்ளியில் அடுத்த தொகுப்பு வந்துவிட்டதாம். கலர் வராது, கருப்புதான் என்று அண்ணி சொன்னார். பரவாயில்லை என்றார் அக்கா.

"தாள் கொண்டாந்தீங்களா?"

"தாளா? இல்லையே."

"எடுத்துட்டு வாங்க. நான் போட்டு வைக்கிறேன்."

மேல்வீட்டு அக்கா இதற்குக் கடைக்கே போயிருக்கலாம் என்று முனகிக்கொண்டே படியேறினார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டுத் தாளோடு இறங்கி வந்தார். அண்ணி வாங்கி, தட்டி நேராக்கி, உள்ளே வைத்தார். பிரிண்டர் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று பார்த்தார்.

"இவ்வளவு மெதுவா வருதே. படிச்ச பையன் வீட்டுல இருக்கான், கொஞ்சம் பாத்து வாங்கியிருக்கக் கூடாதாம்மா?"

"பாத்துதான்க்கா வாங்கினோம்" என்ற அண்ணி, சுவரில் தலையைச் சாய்த்து, முதல் பக்கம் முழுசாக வெளியே வரும் வரைக்கும் கண்களை மூடிக்கொண்டார்.